எங்கள் வீட்டு மாரடைப்பு

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் எல்லாரும் மாரடைப்பில்தான் போனார்கள். அப்பா நாற்பத்தொரு வயதில், சித்தப்பா முப்பத்தெட்டில், சித்தப்பா மகன் இருபத்தாறில். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். "ஐயோ பாவம், ரத்தத்துலயே இருக்கு போல" என்பார்கள். அம்மா தலையை ஆட்டுவாள். கண்ணை மூடும்வரை அவள் அந்தக் கதையை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிவந்தாள். மூன்று பேருக்கும் நெஞ்சில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. மூன்று பேரும் தற்கொலை செய்துகொண்டார்கள்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐம்பத்தொரு வயது ஆக வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நான் வாய் இல்லாதவள் இல்லை. குடிநீர் அலுவலகத்தில் புகார் மேசை என்னுடையது. தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கலாக இருக்கிறது என்று ஊரே என் முன்னால் நின்று கத்தும். நானும் சளைக்காமல் திருப்பிக் கத்துவேன். பக்கத்து மேசைக்காரர்கள் என் குரலுக்குப் பயந்து மதியச் சாப்பாட்டை மாடிக்கு எடுத்துப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட நான் வீட்டு விஷயத்தில் மட்டும் வாயில் பூட்டுப் போட்டிருந்தேன். எல்லாம் என் அண்ணனுக்காக.

அண்ணன் தராசு பழுது பார்க்கிறவன். எடை மெஷின்களைத் திறந்து சரிசெய்து, எடைக்கல் வைத்துச் சோதித்து, 'சரியாக இருக்கிறது' என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்பது அவன் வேலை. கசாப்புக்கடை, பேக்கரி, மருந்துக்கடை, கூரியர் ஆபீஸ் என்று எங்கும் அவனைத் தெரியும். 'மில்லிகிராம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே நீல வெல்வெட் குழிகளில் எடைக்கற்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றை வெறும் கையால் தொடமாட்டான், தொடவும் விடமாட்டான். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் எடை உண்டு என்பான்.

அவன் மகள் பிறந்த அன்று நர்ஸ் வெளியே வந்து, "மூணு கிலோ நூறு, பொண்ணு" என்றாள். இவன் குழந்தையைப் பார்க்கவில்லை, மெஷினைப் போய்ப் பார்த்தான். நாற்பது கிராம் கூடக் காட்டுகிறது என்று அங்கேயே கழற்ற ஆரம்பித்துவிட்டான். "சார், முதல்ல குழந்தையைப் பாருங்க சார்!" என்று நர்ஸ் அலறியது மூன்று வார்டுக்குக் கேட்டது. என் அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

இன்னொரு பழக்கமும் சொல்ல வேண்டும். சான்றிதழில் பத்து வரி இருந்து ஆறு வரிதான் நிரம்பியது என்றால், மிச்ச நாலு வரியின் மேல் சட்டைப்பையில் இருக்கும் இரும்பு ஸ்கேலை வைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவான். "காலியா விட்டா நாளைக்கு எவனாவது எதையாவது எழுதிடுவான்" என்பான். எந்தத் தாளைக் கொடுத்தாலும் இதே கதை. மகளைப் பள்ளியில் சேர்த்தபோது 'உடன்பிறந்தோர்' என்று போட்டிருந்த மூன்று வரிகளின் மேலும் கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். "இதை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று அண்ணி பத்து நாள் பேசவில்லை.

எனக்கு உண்மை தெரிந்தது சித்தப்பா மகன் போனபோது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. துக்க வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற இடத்துக்குச் சித்தி என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா, சித்தப்பா, இப்போது இவன். சொல்லிவிட்டு என் வாயைத் தன் கையால் பொத்தினாள். "உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாதே. அவன் அச்சு அசல் உங்கப்பன். தெரிஞ்சா அவனுக்கும் அந்தப் புத்தி வந்துடும்."

அன்றைக்கு ஆரம்பித்தது என் காவல். ஒரு மனிதனை வாராவாரம் முகம் பார்த்துக் கண்காணிக்க வேண்டும், எதற்கு என்று அவனுக்குத் தெரியக்கூடாது. என்ன செய்வது? கைவசம் இருந்தது மாரடைப்புதான். அதையே பிடித்துக்கொண்டேன். "நம்ம வீட்டுல நெஞ்சு வீக்கு அண்ணா, ஜாக்கிரதையா இருக்கணும்" என்று உப்பைக் குறைத்தேன், எண்ணெயை நிறுத்தினேன், முட்டையில் மஞ்சள் கருவை எடுத்தேன். காலை நடைக்குத் துரத்தினேன். வருஷா வருஷம் ஈ.சி.ஜி. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் பத்தியச் சாப்பாடு. உப்பில்லாத கீரையை அவன் விழுங்கும்போது நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணி பாவம், எல்லாவற்றையும் நம்பினாள். இதய நோய் சமையல் புத்தகம் ஒன்றுகூட வாங்கி வைத்திருந்தாள்.

இருபத்துநாலு வருஷம் அண்ணன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அரை கிராம் தப்பினால் கசாப்புக்காரனிடம் சண்டைக்குப் போகிறவன், ஏன் எனக்கு மட்டும் இப்படி அடங்கிப் போனான் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. என் அதட்டலுக்கு அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். திமிர்தான், வேறென்ன.

போன வருஷம் அவன் மாறினான். முதலில் பேச்சு குறைந்தது. பிறகு தூக்கம். எடை ஆறு கிலோ நானூறு கிராம் குறைந்திருந்தது. அதை அவனே சொன்னான், யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல. "என்ன அண்ணா ஆச்சு?" என்றால், "வயசாச்சு பாப்பா" என்பான். எனக்கு ஐம்பத்தொன்று, இன்னும் பாப்பாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தட்டிலிருந்து உப்புத் தூவிய வறுத்த உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றான். நான் கத்தினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இனி எது தின்றால் என்ன என்பதுபோல மென்றான்.

அந்த வாரம் அவன் கடைக் கூட்டாளி என் அலுவலகத்துக்கே வந்தார். புகார் வரிசையில் நின்று, முறை வந்ததும் குனிந்து மெதுவாகச் சொன்னார். "அக்கா, அண்ணன் எடைக்கல் பெட்டியை என்கிட்டக் குடுத்துட்டார். இனிமே நீயே வச்சுக்கோங்கறார். உள்ள இருந்த கல்லை எல்லாம் வெறுங்கையால எடுத்துக் காட்டினார் அக்கா. எனக்கு ஒண்ணும் புரியல."

எனக்குப் புரிந்தது. உடனே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன், அவனை ஆட்டோவில் ஏற்றினேன், கூட்டிக்கொண்டு போனேன். எங்கே? இதய டாக்டரிடம். சிரிக்காதீர்கள். போக வேண்டிய இடம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் இருபத்துநாலு வருஷமாக இந்தக் குடும்பத்துக் கவலைக்கெல்லாம் அது ஒன்றுதான் வாசல். வேறு டாக்டரிடம் கூட்டிப்போனால் 'ஏன்' என்று கேட்பானே!

இதய டாக்டர் புதியவர், சுறுசுறுப்பானவர். குடும்ப விவரம் எழுத ஒரு தாள் கொடுத்தார். அண்ணன் அழகான கையெழுத்தில் எழுதினான். தந்தை, 41, மாரடைப்பு. சித்தப்பா, 38, மாரடைப்பு. சித்தப்பா மகன், 26, மாரடைப்பு. ஏழு வரி இருந்த தாள். மிச்ச நாலு வரியைக் காலியாக விட்டு மூடியைப் பேனாவில் செருகினான். கோடு இழுக்கவில்லை. அந்த நாலு வெற்று வரிகளை நான் இரண்டு தடவை எண்ணினேன்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு நாற்காலி நுனிக்கு வந்தார். "மூணு பேர், இந்த வயசுல! இது மரபணுக் கோளாறா இருக்கலாம். இவருக்கும் இவர் பொண்ணுக்கும் உடனே மரபணு டெஸ்ட் எடுத்தாகணும்." அம்மாவின் பொய் இப்படியாகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனது. அண்ணனும் மகளும் கையை நீட்டி ரத்தம் கொடுத்தார்கள். அவளுக்கு இருபத்துமூன்று வயது, எதற்கும் அசராதவள். முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரமும் நான் ஒரு நாளைக்கு நாலு தடவை அவனுக்குப் போன் செய்தேன். "சாப்பிட்டியா, நடந்தியா" என்று கேட்பேன். கேட்க நினைத்தது அது இல்லை. அவன் "ம்" என்பான். அந்த 'ம்' கேட்டால் எனக்கு அடுத்த சில மணி நேரம் ஓடும்.

முடிவு வந்த அன்று நாங்கள் நாலு பேரும் டாக்டர் முன் உட்கார்ந்திருந்தோம். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஒரு குறையும் இல்லை. உங்க பொண்ணுக்கும் இல்லை. ரத்தக்குழாய் எல்லாம் இருபது வயசுப் பையன் மாதிரி இருக்கு. சாப்பாட்டுல யாரோ உங்களை நல்லாக் கட்டுப்படுத்தி வச்சிருக்காங்க. இந்த இதயத்தை வச்சுக்கிட்டு நூறு வயசு வரைக்கும் ஓட்டலாம் சார்!"

"நூறா?" என்றான் அண்ணன்.

ஆயுள் தண்டனைக்காரனுக்கு இன்னும் நாற்பது வருஷம் கூட்டிக் கொடுத்தால் எப்படிக் கேட்பானோ அப்படிக் கேட்டான். டாக்டருக்கு அது காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. அண்ணன் மகளுக்கும் விழுந்தது, சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் தாளைப் புரட்டிக்கொண்டே போனார். "ஆனா ஒண்ணு இடிக்குது. மரபணு சுத்தமா இருக்கு. அப்புறம் எப்படி மூணு பேர்? போஸ்ட்மார்ட்டத்துல என்ன எழுதினாங்க?"

"மாரடைப்புக்கு எதுக்கு டாக்டர் போஸ்ட்மார்ட்டம்?" என்று அண்ணி வெகுளியாகக் கேட்டாள்.

அவ்வளவுதான். எனக்குள் என்னமோ அறுந்தது. "மாரடைப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை டாக்டர். எங்கப்பா தற்கொலை. சித்தப்பா தற்கொலை. தம்பியும் தற்கொலை. இவனும் இப்ப அந்த வழியைத்தான் பார்த்துக்கிட்டிருக்கான். எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தேன். உடைந்து போவான், மயங்கி விழுவான் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவன் ஆச்சரியமாக என்னைப் பார்த்தான்.

"பாப்பா, உனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன் நான்.

"அப்பா ரூம் கதவைத் திறந்ததே நான்தானே. பதினாலு வயசு. பாப்பாவுக்குத் தெரியவே கூடாது, சின்னக் குழந்தை, தாங்காதுன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிடுச்சு."

எனக்கு ஆத்திரம் வந்தது. "அப்புறம் எதுக்கு இருபத்துநாலு வருஷமா உப்பில்லாம தின்னே?"

"நீ மாரடைப்புன்னு நம்பி அக்கறையாச் செஞ்சே. வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பே. என்னத்தைச் சொல்றது?"

அண்ணன் மகள் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். அண்ணி யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அன்றைக்குத்தான் தான் எந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டோம் என்று தெரிந்தது. டாக்டர் கோப்பை மூடினார். "நீங்க தப்பான மாடிக்கு வந்துட்டீங்க" என்று மென்மையாகச் சொல்லிவிட்டு, போனை எடுத்துக் கீழ்த்தளத்தில் இருந்த மனநல டாக்டரிடம் பேசினார். எங்களை அவரே கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

மனநல டாக்டர் வயதான அம்மா. சுற்றி வளைக்கவில்லை. "செத்துடலாம்னு நினைப்பு வருதா?" என்று 'தண்ணி குடிக்கிறீங்களா' என்று கேட்பதுபோலக் கேட்டார். நாங்கள் இரண்டு தலைமுறையாகப் பயந்து ஒதுங்கிய கேள்வி. கேட்டால் அந்தப் புத்தி வந்துவிடும் என்று சித்தி பொத்திய கேள்வி.

"வருது" என்றான் அண்ணன். "ஏழு மாசமா. பெட்டியைக் குடுத்தது அதுக்குத்தான்." சொன்னதும் அவன் தோள் இறங்கியது. அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை.

பிறகு அவன் தொழில்காரன் ஆனான். "மேல மரபணுவைப் பார்த்தாங்களே. அதே மாதிரி இதுக்கும் பார்த்து, எனக்கு நடக்குமா நடக்காதான்னு சொல்லிட முடியாதா?"

"முடியாது. அப்படி ஒத்தை மரபணு எதுவும் கிடையாது. சின்னச் சின்னதா நிறைய இருக்கு. மூளையில செரோடோனின் மாதிரி சில ரசாயனங்கள் வேலை செய்யற விதத்தை அதுங்க கொஞ்சம் மாத்தலாம். அதனால சில குடும்பத்துல ஆபத்து கூடுதல். ஆபத்துதான், தீர்ப்பு இல்லை. இப்படிப்பட்ட குடும்பத்துல பிறந்த பெரும்பாலானவங்க முழு ஆயுசும் வாழறாங்க. நோய்னு வந்தா வைத்தியமும் இருக்கு."

"லோடு செல் மாதிரி" என்றான் அண்ணன்.

டாக்டர் புருவத்தைத் தூக்கினார்.

"எடை மெஷின்ல தட்டுக்கு அடியில ஒரு துண்டு இருக்கும், பாரத்தை உணர்றது. ஒரே நேரத்துல செஞ்ச சரக்கை லாட்டும்பாங்க; சில லாட்டுத் துண்டு ஈரம் பட்டா அளவு சீக்கிரம் நகரும். அதே லாட்டு, காய்ஞ்ச கடையில இருபது வருஷம் ஒழுங்கா ஓடும். மீன் கடையில ஒரே வருஷத்துல கோணலாகும். தட்டுல ஒண்ணுமே இல்லாட்டியும் அஞ்சு கிலோ இருக்குன்னு காட்டும்." நிறுத்தினான். "எனக்கு அப்படித்தான் இருக்கு டாக்டர். தட்டுல ஒண்ணும் இல்லை. பொண்டாட்டி தங்கம், பொண்ணு தங்கம், கடன் உடன் இல்லை. ஆனா பாரம் தாங்கல."

"கோணலான மெஷினைத் தூக்கிப் போடுவீங்களா?"

"ச்சே, எதுக்கு? திறந்து சரி பண்ணுவோம்" என்றான். கேள்வி தன்னைப் பற்றியது என்று அவனுக்கு அதற்கப்புறம்தான் உறைத்தது.

அப்போது அவன் மகள் கேட்டாள். "அப்பா, அப்ப நானும் அதே லாட்டுதானா?"

அம்மாவாக இருந்தால் இந்த இடத்தில் மாரடைப்பு என்றிருப்பாள். நானாக இருந்தால் உப்பைக் குறை என்றிருப்பேன். அண்ணன் மகளை நேராகப் பார்த்தான்.

"இருக்கலாம் கண்ணு. அதனால அப்பப்ப செக் பண்ணிக்கணும். நகர்ற மாதிரி தெரிஞ்சா அன்னிக்கே சொல்லணும். என்னை மாதிரி ஏழு மாசம் மறைக்கக் கூடாது."

"நீங்க மறைக்க மாட்டீங்களா இனிமே?"

"மாட்டேன்" என்றான். அவளுக்காகச் சொன்னானா, மனதாரச் சொன்னானா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

வைத்தியம் ஆரம்பித்தது. முதல் நாளே மாத்திரையைத் தராசில் வைத்துவிட்டு மருந்துக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனான். அட்டையில் ஐம்பது மில்லிகிராம் என்று போட்டிருக்கிறதாம், நிறுத்தால் நூற்றைம்பதுக்கு மேல் இருக்கிறதாம். மிச்சம் மருந்தைப் பிடித்து வைக்கும் மாவு என்று அவர் விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. அந்தச் சண்டை செய்தி எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? ஆனால் மூன்று வாரம் மாத்திரையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நாங்கள் முறை வைத்துக்கொண்டு கூடவே இருந்தோம். வாராவாரம் டாக்டரிடம் பேச்சு. தினமும் நான் போன் செய்து நேராகவே கேட்டேன். "இன்னிக்கு நினைப்பு வந்ததா?" "வந்தது." இன்னொரு நாள், "வந்தது, கொஞ்சம்." பெட்டி கூட்டாளியிடமே இருந்தது. நடுவில் டாக்டர் மருந்தின் அளவை மாற்றினார். நான் அலுவலகத்தில் யாரிடமும் கத்தவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று முடிவு கட்டினார்கள்.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டில், பழக்க தோஷத்தில் கீரையை உப்பில்லாமல் வைத்துவிட்டேன். ஒரு வாய் வைத்தான். தட்டை டங்கென்று தள்ளினான்.

"மனுஷன் திம்பானா இதை? இருபத்துநாலு வருஷம் என் நாக்கைக் கொன்னியே, இன்னுமா அடங்கல உனக்கு? உப்பைக் கொண்டா!"

அந்த வீட்டில் அவன் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை. உப்பு ஜாடியை எடுக்கப் போனவள் சமையலறையிலேயே நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். "உப்பு செய்யறியா உள்ள?" என்று மறுபடி கத்தினான். எனக்கு அந்தக் கத்தல் போதவில்லை, இன்னும் கேட்கலாம்போல இருந்தது.

போன வாரம் மனநல டாக்டரிடம் மாதாந்தரப் பரிசோதனைக்குப் போனோம். கூட்டாளி முந்தின நாள்தான் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தார். வெறுங்கை பட்ட கற்களையெல்லாம் துடைத்துச் சோதித்து வைக்க இவனுக்கு முழு நாள் ஆகியிருந்தது. டாக்டரிடம் பேசி முடித்து எழும்போது, "என் கோப்பைக் கொஞ்சம் குடுங்க டாக்டர்" என்றான். முதல் நாள் அவன் இங்கே எழுதிக் கொடுத்த ஆறு வரிக் குடும்ப விவரத் தாள் அதில் இருந்தது. இந்த முறை மூன்று வரியிலும் உண்மையான காரணம். கீழே காலியாக மூன்று வரி.

சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தான். அந்த மூன்று வரிகளின் மேல் குறுக்கே வைத்து ஒரே கோடாக இழுத்தான். பக்கத்தில் கையெழுத்துப் போட்டான், தேதி போட்டான்.

"என்ன சார் இது?" என்றார் டாக்டர்.

"காலியா விட்டா நாளைக்கு எவனாவது எதையாவது எழுதிடுவான் டாக்டர்" என்றான் அண்ணன்.